முக்கால் திருகு

முத்துலிங்கத்தின் மகள் சுமித்திரா குவைத்துக்குப் போவதா, வீட்டில் நிற்பதா என்பதை அந்த வருடம் காட்டுப்பன்றிகளின் கையில் விட்டிருந்தார்கள். பன்றிக்குக் கை ஏது என்று கேட்கக்கூடாது. ஒன்றரை ஏக்கர் நிலக்கடலை, அவர்கள் சொல்லில் கச்சான், முழுதாக வீடு வந்து சேர்ந்தால் அவள் நிற்பாள். வராவிட்டால் தை மாதம் கழிந்ததும் இரண்டு வருட வீட்டு வேலைக்குப் போவாள். தகப்பனுக்கும் மகளுக்கும் இடையில் இருந்த பேச்சு இதுதான். ஆறு வயதுப் பேத்தி யதுர்ஷிகாவுக்கு இதெல்லாம் தெரியாது. அம்மா அலுமாரிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வைத்திருக்கிறாள், அதில் அம்மாவின் படம் இருக்கிறது, அதைத் தொட்டால் அடி விழும். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சுமித்திராவைக் கட்டியவன் நான்காம் வருடம் கைத்தொலைபேசி இலக்கத்தை மாற்றிக்கொண்டு போய்விட்டான். தாய் அழகம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. கிழமைக்கு இரண்டு நாள் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். போகிற நாள் போக்குவரத்தில் போய்விடும், அடுத்த நாள் பாயில் போய்விடும். ஆகவே அந்த வீட்டில் உழைக்கக்கூடியவர்கள் என்று சொல்ல முத்துலிங்கமும் மகளும் மட்டும்தான். முத்துலிங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது.

அவர் பிறந்தது ஹற்றன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். எழுபத்தேழாம் ஆண்டு இனக் கலவரத்துக்குப் பிறகு, பன்னிரண்டு வயதில், சட்டி பானையோடு ஒரு லொறியில் ஏற்றி வந்து பூவரசங்குளத்துக்கு அப்பால் காட்டோரம் இறக்கிவிடப்பட்டவர். அன்று தொடங்கி அவருடைய வாழ்க்கையை எழுதப் போனால், அது பெரும்பாலும் கூரை மாற்றிய கதையாகத்தான் இருக்கும். கிடுகு, மறுபடி கிடுகு, தரப்பாள், முகாமின் வெள்ளைக் கூடாரம், தகரம், கடைசியில் வீட்டுத்திட்டத்து ஓடு. ஓட்டுக்குக் கீழே வந்தபோது, இனி ஒருவரும் இந்த வீட்டை விட்டுப் போகத் தேவையில்லை என்று அவர் நினைத்தார். மனிதர்கள் அப்படித்தான் நினைப்பார்கள், வேறு என்ன செய்வது?

இருபது வயதுப் பக்கம் கனகராயன்குளத்தில் கதிர்காமநாதன் என்ற கமக்காரரிடம் கூலிக்கு நின்றார். அந்த மனிதருக்கு வேட்டைப் பைத்தியம். சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக் கோதை எறிய மாட்டார். அதைத் துடைத்து, திரும்ப வெடிமருந்தும் ஈயச் சன்னமும் நிரப்பி, வாயை மடித்து எடுக்கிற வேலையை முத்துலிங்கத்தின் தலையில் கட்டிவிட்டு, பிழைத்தால் ஏசுவதற்கு மட்டும் வருவார். பிறகு கதிர்காமநாதனின் வேட்டைத் துவக்கை இயக்கப் பொடியள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு கதிர்காமநாதனும் போய்ச் சேர்ந்தார். மகன் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது, வாய் மடிக்கிற அந்த இரும்புச் சாமானைப் பழைய இரும்போடு இரும்பாக முத்துலிங்கத்திடம் தந்துவிட்டுப் போனான். அவர்கள் அதை மடக்கி என்பார்கள்.

யுத்தம் முடிந்து எத்தனையோ வருடம் கழித்துப் பயிர்க் காவலுக்கென்று முத்துலிங்கத்துக்கு ஓர் இரட்டைக்குழல் துவக்கு வைத்திருக்க அனுமதி கிடைத்தது. தமிழனுக்குத் துவக்கா என்று ஊரே மூக்கில் விரலை வைத்தது. ஆனால் நாடு கடனில் படுத்த வருடத்தோடு கடையில் தோட்டாவும் படுத்துவிட்டது. மாதக்கணக்கில் இல்லை, வந்தாலும் விலை கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இடம்பெயர்ந்தபோது புதைத்துவிட்டுப் போன மடக்கியை முத்துலிங்கம் தோண்டி எடுத்து எண்ணெய் போட்டார். கோதை நிரப்புவது சட்டப்படி சரியில்லை என்று அவருக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். பன்றிக்கும் குரங்குக்கும் மட்டும் சட்டம் தெரியாது.

மடக்கி ஒன்றும் பெரிய இயந்திரமல்ல. மேசை விளிம்பில் பூட்டுகிற ஒரு பிடி, கோதின் வாயைக் கவ்வுகிற ஒரு கிண்ணம், ஒரு நெம்பு. கிண்ணம் எவ்வளவு ஆழம் இறங்கவேண்டும் என்பதை ஒரு திருகாணி முடிவு செய்யும். குரங்குக்கும் மயிலுக்கும் பொடிச் சன்னம் போதும். அதற்குத் திருகாணி எங்கே நிற்கவேண்டும் என்று முத்துலிங்கம் ஒரு கோடு கீறி வைத்திருந்தார். அந்தக் கோட்டில் வைத்து நெம்பை அமத்தினால் கோதின் வாய் பூ மொட்டு மாதிரி மடிந்து மூடிக்கொள்ளும். வருடக் கணக்காக அவர் அந்தக் கோட்டை விட்டு அசையவில்லை.

அந்த வருடம் வந்தது பன்றி. ஒன்றிரண்டல்ல, கூட்டம். பிஞ்சு பிடித்த கச்சானை வரிசை பிடித்துக் கிளறிவிட்டுப் போயிருந்தன, ஏதோ தங்களுக்காகவே யாரோ விதைத்து வைத்த மாதிரி. பக்கத்துக் காணிக்காரன் பிரதாபன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணை, இதுகளுக்குப் பொடிச் சன்னம் சொறியத்தான் காணும். குண்டு போடுங்கோ."

குண்டு என்றால் ஒரே உருண்டை ஈயம். கோதுக்குள் அது இருக்கிற இருப்பு வேறு, பாரம் வேறு. சன்னத்துக்குக் கீறிய கோட்டில் வைத்து மடித்துப் பார்த்தார். பெருவிரலால் அமத்தினால் குண்டு உள்ளே ஆடியது. திருகாணியை அரைச் சுற்று இறக்கினார். இன்னும் ஆடியது. முழுச் சுற்று இறக்கினார். வாய் கசங்கி, கோதின் உடம்பு புடைத்து, துவக்கின் அறைக்குள் போகமாட்டேன் என்று நின்றது. திரும்ப ஏற்றி, முக்கால் திருகில் நிறுத்தினார். அது பிடித்தது. குலுக்கினார்; சத்தமில்லை.

இப்படி ஒரு பின்னேரம் முழுக்க அவர் மேசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அழகம்மா குசினிக்குள் இருந்து கூப்பிட்டார். அவருக்குக் கோபம் வந்தால் மட்டும் மலைநாட்டுப் பேச்சு வந்துவிடும்.

"ஏங்க, அந்த எழவைக் கொஞ்சம் ஓரமா வச்சுட்டுச் சாப்பிட வாங்களேன். சோறு ஆறிப் போச்சு."

"இரப்பா. இதொண்டு பிடிபட்டுட்டுது. மற்றதெல்லாம் இப்பிடியேதான்."

மற்றதெல்லாம் அப்படியே இல்லை, அங்கேதான் வினை. அவரிடம் எட்டுக் கோது இருந்தது. முக்கால் திருகு பார்த்துப் பிடித்தது ஒரு தரம் மட்டும் சுட்ட நல்ல கோதில். மிச்சத்தில் நாலைந்து தரம் சுட்டு நிரப்பி, மடித்து விரித்து, வாய் விளிம்பு சோர்ந்துபோனவையும் கிடந்தன. அவற்றுக்கு வேறு அளவு பார்த்திருக்கவேண்டும், அல்லது எறிந்திருக்கவேண்டும். பன்றியை நினைத்துக்கொண்டிருந்த மனிதருக்குக் கோதை எறிய மனம் வரவில்லை. எட்டையும் ஒரே முக்கால் திருகில் அமத்தினார். ஒவ்வொன்றையும் குலுக்கிப் பார்த்தார். ஒன்றும் சத்தம் போடவில்லை.

இன்னொரு விஷயம் சொல்லவேண்டும். வீட்டுக்கும் காணிக்கும் நடுவில், கிறவல் றோட்டோரம் ஒரு சின்ன இராணுவ முகாம் இருந்தது. வாசலில் நிற்கிற சிப்பாய்கள் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. ஒருவன் பேத்திக்கு இனிப்புக்கூடக் கொடுத்திருக்கிறான். ஆனால் துவக்கோடு போகிறவர் யாராக இருந்தாலும் குழல் வாய் நிலத்தைப் பார்க்கவேண்டும். "ஐயா, வாய் கீழ, வாய் கீழ," என்று தெரிந்த தமிழில் சொல்வார்கள். பிறகு சட்டைப் பையைப் பார்ப்பார்கள். தோட்டா இருந்தால் எடுத்து உருட்டிப் பார்த்து, இது எங்கே வாங்கியது, எத்தனை வாங்கியது என்று கேட்பார்கள். துவக்கைத் திறந்து பார்க்க மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. ஆகவே முத்துலிங்கம் வீட்டிலேயே இரண்டு தோட்டாவைக் குழல்களுக்குள் போட்டு மூடிக்கொண்டு, பையை வெறுமையாக்கி, துவக்கைச் சைக்கிள் பாரோடு வாய் கீழாகக் கட்டிக்கொண்டு போவார். நிரப்பின தோட்டாவோடு துவக்கைக் குலுங்கக் குலுங்கக் கொண்டு போவது மடத்தனம் என்று எந்த வேட்டைக்காரனும் சொல்வான். அந்த வேட்டைக்காரனுக்கு அந்த றோட்டால் போகிற தேவை இல்லை.

முதல் மூன்று விடியலும் நல்லபடி போயின. பன்றிகள் காட்டுக்குத் திரும்புகிற நேரம், பனிக்குள், வேலியோரம் காத்திருந்து சுட்டார். மூன்றாம் நாள் ஒன்று விழுந்தது. பிரதாபன் வந்து கிழித்துப் பங்கு போட்டான். அன்று மத்தியானம் வீட்டில் இறைச்சி வாசம். சுமித்திரா தாச்சியைக் கிண்டிக்கொண்டே சிரித்தாள். அவள் சிரித்துக் கனகாலம்.

"அப்பா, ஏஜென்சிக்காரர் திருப்பியும் எடுத்தவர். தை கழிய முடிவு சொல்லட்டாம்."

"நீ என்ன சொன்னனி?"

"கச்சான் கிண்டிப்போட்டுச் சொல்லுறன் எண்டனான்." அகப்பையைத் தட்டிவிட்டுத் திரும்பினாள். "போகாம விடலாம் போலத்தான் கிடக்கு, என்னப்பா?"

முத்துலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவருடைய வாழ்நாளில் அவர் எதையாவது பிடித்து நிறுத்தியிருக்கிறார் என்றால், அது அந்த மத்தியானம்தான். வெளியே போய், தேவையில்லாமல் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டார்.

நாலாம் நாள் விடியலில் வாசலில் நின்ற சிப்பாய் கையைக் காட்டிப் போகவிட்டான். முதல் நாள் மழை பெய்து கிறவல் அரித்திருந்ததால் சைக்கிள் பள்ளத்துக்குப் பள்ளம் விழுந்து போனது. காணியில் பன்றிகள் ஏழு நின்றன. வலக் குழலைச் சுட்டார். பெரியது ஒன்று தடுமாறித் திரும்பியது. உடனே இடக் குழலின் விசையை இழுத்தார்.

அந்தச் சத்தம் வேட்டுச் சத்தம் மாதிரி இல்லை என்று பிரதாபன் பிறகு எல்லோரிடமும் சொன்னான். தகரக் கொட்டகை விழுந்தது மாதிரி இருந்ததாம். அவன் ஓடி வந்தபோது முத்துலிங்கம் கச்சான் வரிசைக்குள் குந்தியிருந்தார். இடது கையை உடுத்திருந்த சாரத்தால் பொத்திப் பிடித்திருந்தார். பக்கத்தில் கிடந்த துவக்கின் குழல் ஒரு பக்கம் பிளந்து விரிந்திருந்தது.

"பிரதாபன், பண்டி ஓடிட்டுதே?" என்றுதான் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் மூன்று விரலை எடுத்தார்கள். பெருவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். கட்டிலில் கிடந்த பதினொரு நாளும் அவர் முகட்டைப் பார்த்தபடி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். வாய் சோர்ந்த கோது இடக் குழலுக்குள் இருந்திருக்கிறது. குழல் கீழே பார்த்தபடி பள்ளத்தில் அடித்து அடித்து வந்ததில் மடிப்பு இளகியிருக்கிறது. வலக் குழல் வெடித்த உதைப்பில் முழுதாக விட்டிருக்கிறது. குண்டு கோதை விட்டுக் கழன்று குழலுக்குள் முன்னால் போய் இறுகியிருக்கிறது. பின்னால் வெடித்த மருந்துக்கு முன்னால் வழியில்லை. பக்கத்தால் வழி எடுத்துக்கொண்டது. அந்த ஒரு கோதுக்குக் கால் திருகு குறைந்திருக்கலாம், கூடியும் இருந்திருக்கலாம். எதுவானாலும் பார்த்திருக்கவேண்டியவர் அவர்தான். யாரையும் குறை சொல்ல இடமில்லாததுதான் அவருக்கு எல்லாவற்றிலும் பெரிய கொடுமையாக இருந்தது.

பொலிஸ் வந்து கேட்டபோது மறைக்கவில்லை.

"நான்தான் நிரப்பினனான். நான்தான் மடிச்சனான்."

துவக்கையும் மடக்கியையும் மிச்சத் தோட்டாக்களையும் கொண்டு போனார்கள். அனுமதிப் பத்திரமும் போனது. வழக்குக்குத் தவணை போட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது காணிக்குப் போய்ப் பார்க்கவேண்டாம் என்று பிரதாபன் தடுத்தான். அவனும் நாலு நாள் தகரம் தட்டிப் பார்த்தானாம். சத்தத்துக்குப் பழகின பன்றிகள் தலையைக்கூடத் தூக்கவில்லையாம். முத்துலிங்கம் போய்ப் பார்த்தார். உழுத நிலம் மாதிரிக் கிடந்தது. குனிந்து ஒரு செடியைத் தூக்கினார். வேரில் ஒரு கச்சான்கூட இல்லை. வரம்பில் இருந்து ஒரு குழந்தை மாதிரி அழுதார். அங்கே அழுதது நல்லது, வீட்டில் அழ இடமில்லை.

தை கழிந்ததும் ஏஜென்சிக்காரருக்குச் சுமித்திராவே தொலைபேசி எடுத்தாள்.

சின்னப் பிள்ளை உள்ள தாய் வெளிநாடு போவதென்றால், பிள்ளையை யார் பார்ப்பது என்று அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதிக் கொடுக்கவேண்டும். ஒரு காலையில் பிரஷாந்தினி என்ற உத்தியோகத்தர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அன்று அழகம்மாவின் ஆஸ்பத்திரி நாள். பள்ளிக்கூடத்துக்குச் சட்டை போட்டு, தலை விரித்தபடி சீப்பும் ரிபனுமாய் நின்ற யதுர்ஷிகா கதிரையை இழுத்து வந்து போட்டாள். பிரஷாந்தினி இருந்து கடதாசியை மடியில் விரித்தாள்.

"அம்மம்மா கிளினிக்குக்குப் போற நாளில பிள்ளையோட நிக்கிறது ஆர்?"

"நான்," என்றார் முத்துலிங்கம். இடது கை துவாய்க்குள் இருந்தது.

"சமைச்சுக் குடுக்கிறது?"

"நான்தான்."

"காலமை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி அனுப்புறது?"

"இப்ப நான் செய்யிறனான் மிஸ்," என்றாள் சுமித்திரா குசினி வாசலில் இருந்து.

பிரஷாந்தினி பேனையை மூடினாள். வயது முப்பதுகூட இராது. அவளுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஐயா, கோபியாதேங்கோ. கையை ஒருக்காக் காட்டுங்கோ."

துவாயை எடுத்தார். அவள் பார்த்துவிட்டு, பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ. நான் அப்பிடியே எழுதிவிடுறன். அவா போகேலாது, அவ்வளவுதான். ஒருத்தரும் உங்களைப் பிழை சொல்ல மாட்டினம்."

முத்துலிங்கம் மகளைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏலாது. மூன்றெழுத்து. அதற்காகத்தானே இவ்வளவும். அதற்காகத்தானே அந்த மேசையோடு ஒரு பின்னேரம் முழுக்க இருந்தார். சொன்னால் சுமித்திரா நிற்பாள், யதுர்ஷிகாவுக்கு அம்மா இருப்பாள். நின்று எதைச் சாப்பிடுவார்கள்? அழகம்மாவை எந்தக் காசில் வவுனியாவுக்கு ஏற்றுவது? காணியில் இனிப் புல்தான். அவருடைய கைக்கு இனிக் கூலி வேலை தருகிறவன் யார்? இரண்டு வருடம் மகள் இல்லாத வீட்டை நினைத்தார்; மகள் இருந்து உலை வைக்க வழியில்லாத வீட்டையும் நினைத்தார். இரண்டிலும் அவர் ஒரு மூலையில் இருந்தார்.

"இஞ்ச வாங்கோ ராசாத்தி," என்று பேத்தியைக் கூப்பிட்டார்.

யதுர்ஷிகா வந்து முழங்காலுக்கு இடையில் நின்றாள். அவளிடம் இருந்து சீப்பை வாங்கித் தலையை வாரி, இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கத்தை மூன்றாக வகுத்து, ஒன்றை வலது கையிலும், ஒன்றை இடது கையில் மிஞ்சிய இரண்டு விரலுக்குள்ளும், மற்றதைப் பல்லிலும் பிடித்துக்கொண்டு பின்னத் தொடங்கினார். இரண்டு தரம் கழன்றது. தையல் ஆறாத இடத்தில் வலி தோள்வரை ஏறியது. மூன்றாம் தரமும் கழன்றால் போதும், அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஒரு விரலை இளக்கினால் போதும், அது நடிப்பென்று ஒருவருக்கும் தெரியவராது. அவர் இளக்கவில்லை. இறுக்கிப் பிடித்து நுனிவரை பின்னிக்கொண்டு போனார். நெற்றியில் வியர்த்து வழிந்தது.

"நோகுது தாத்தா," என்றாள் பிள்ளை.

"கொஞ்சம் பொறுங்கோ. முடிஞ்சுது."

ரிபனின் ஒரு முனையைப் பல்லால் இழுத்துக் கட்டினார். பிறகு மற்றப் பக்கத்தையும் பின்னினார். நேரம் எடுத்தது. பிரஷாந்தினி அவசரப்படுத்தவில்லை. முடிந்ததும் யதுர்ஷிகா இரண்டு பின்னலையும் முன்னால் எடுத்துப் பார்த்துவிட்டுத் தாயிடம் ஓடினாள்.

"அம்மா, பாருங்கோ! தாத்தாவுக்குப் பின்னத் தெரியுது!"

சுமித்திரா பிள்ளையின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். முத்துலிங்கம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உத்தியோகத்தரின் மடியில் கிடந்த கடதாசியைத்தான் பார்த்தார்.

"எழுதுங்கோ பிள்ளை," என்றார். "ஏலும் எண்டு எழுதுங்கோ."